பேடெக்கர் என்றொரு சொல்

சொற்களிடம் ஏமாந்த அனுபவங்களை இங்கே பலரும் எழுதியிருப்பதைப் படித்தபின், என்னைத் தவறிழைக்க வைத்த ஒரு சொல்லைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் குறித்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, 1942ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மீது ஜெர்மனி நடத்திய ‘பேடெக்கர் தாக்குதல்கள்’ என்ற தொடர் எதிர்ப்பட்டது. அது ஏதோ ஒரு குண்டுவீச்சு விமானத்தின் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று நானே முடிவுசெய்துகொண்டு, ‘பேடெக்கர் ரக விமானங்கள் நடத்திய தாக்குதல்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த படியில் அந்தச் சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் ‘அகராதி பார்க்கவும்’ என்று மட்டும் ஆசிரியர் எழுதியிருந்தார். பார்த்தேன். பயண வழிகாட்டி நூல் என்று பொருள் தரப்பட்டிருந்தது.

கார்ல் பேடெக்கர் 1827இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் பதிப்பகம் தொடங்கியவர். அவருடைய பெயரே பதிப்பகத்தின் பெயராகி, அது வெளியிட்ட சிவப்பு அட்டை நூல்களின் பெயராகி, பின்னர் யார் வெளியிட்ட வழிகாட்டி நூலையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. சரி, வழிகாட்டி நூலுக்கும் குண்டுவீச்சுக்கும் என்ன தொடர்பு என்று தேடியபோதுதான் மனம் கனத்தது. 1942 மார்ச் இறுதியில் பிரிட்டன் ஜெர்மனியின் லூபெக் நகரின் பழைய பகுதியைக் குண்டுவீசி எரித்தது. அதற்குப் பழிவாங்க எக்ஸிடர், பாத், நாரிச், யார்க், கேன்டர்பரி என்று, படைபலத்தைக் காட்டிலும் பழைமைக்கும் அழகுக்கும் பெயர்பெற்ற நகரங்களை ஜெர்மனி தேர்ந்தெடுத்தது. பேடெக்கர் நூலில் நட்சத்திரக் குறி பெற்ற கட்டடங்கள் அனைத்தையும் தகர்ப்போம் என்று ஜெர்மன் வெளியுறவுத் துறையைச் சேர்ந்த ஒருவர் கூறியதாக வெளிவந்த செய்தியிலிருந்தே அந்தப் பெயர் பிறந்திருக்கிறது.

அந்த நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியதால், நூலகம் ஒன்றில் பழைய பதிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கைக்கு அடக்கமான சிறு நூல். மெல்லிய தாள், பொடி எழுத்து, பிரித்தால் மடிப்பில் கிழிந்துவிடுமோ என்று அஞ்சவைக்கும் வரைபடங்கள். தேவாலயம் ஒன்றின் பெயருக்கு முன்னால், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில் அந்தக் குறி இருந்தது. அவசியம் பாருங்கள் என்று ஒரு பயணியிடம் சொல்வதற்காக இடப்பட்ட குறி அது. நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

பேடெக்கரைப் பற்றி அவரோடு பயணம் செய்த ஒருவர் பதிவுசெய்த நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1847இல் மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறும்போது, இருபது படிகளுக்கு ஒருமுறை மேற்சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் கால்சட்டைப் பையில் பேடெக்கர் போட்டுக்கொண்டாராம். இறங்கும்போது அதையே திருப்பிச் செய்து எண்ணிக்கையைச் சரிபார்த்திருக்கிறார். எத்தனை படிகள் என்று வாசகருக்குப் பிழையின்றிச் சொல்ல அவ்வளவு பாடு!

தமிழாக்கத்துக்குத் திரும்பியபோது, வழிசொல்லும் நூலுக்கு நம்மிடம் உள்ள ‘ஆற்றுப்படை’ என்ற அருமையான சொல்லைப் பயன்படுத்த மிகவும் விரும்பினேன். ஆனால் போர்க் கட்டுரையில் ‘ஆற்றுப்படைத் தாக்குதல்’ என்று வந்தால், ஆற்றில் இயங்கும் ஏதோ ஒரு படை என்றே வாசகர் கொள்வார் என்பதால் கைவிட்டேன். ‘பேடெக்கர் தாக்குதல்கள்’ என்றே வைத்து, பெயர்க் காரணத்தை அடிக்குறிப்பில் விளக்கினேன். போருக்குத் தொடர்பில்லை என்று தெரிந்தும் பட்டாணிக் கதையையும் அதில் சேர்த்தேன். ஆசிரியர் அதை நீக்காமல் விட்டுவைத்தார்.