ஆயுதக் காவல் வண்டியை நிறுத்தினது யாரோட தப்பு?

ஊவாக்காரன்:
வெளிநாட்டுல வேலைக்குப் போனவங்களைத் தீவிரவாதி கடத்தினா, கொன்னா, காவலை நிறுத்தின கம்பனிதான் பொறுப்புன்னு இங்க எழுதுறதைப் பாத்தா எரிச்சலா இருக்கு. ஆபத்தான நாடுன்னு தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடுறாங்க? கூடுதல் சம்பளமும் அதுக்குத்தான். தீவிரவாதி செஞ்சதுக்குத் தீவிரவாதியைத்தான் கேக்கணும்.

மவுசாகலை:
அந்த வாதம் 2015லயே ஒஸ்லோ நீதிமன்றத்தில் தோத்துருச்சு. டென்னிஸ் வழக்கைப் படிங்க: கடத்தப்பட்ட உதவிப் பணியாளர் ஒருத்தர் தன்னை வேலைக்கு வச்ச நோர்வே அகதிகள் பேரவை மேல போட்டது. 2012 ஜூன் 29, கென்யாவின் தடாப் அகதி முகாம். நோர்வே அகதிகள் பேரவையின் பொதுச் செயலாளர் பார்வையிட வந்த நாள். வாகன வரிசை ஆயுதக் காவல் இல்லாமப் போச்சு. ஒரு சாரதியைக் கொன்னு, நாலு ஊழியரைக் கடத்திட்டாங்க. நாலு நாள் கழிச்சு மீட்டாங்க. கடும் கவனயீனம்னு தீர்ப்பு. நட்டஈடு சுமார் 44 லட்சம் குரோனர். சுட்டது ஆயுதக் கும்பல்தான். காவலை நிறுத்தினது முதலாளி.

ஊவாக்காரன்:
தடாப்ல பொலிஸ் வண்டிகளைத்தான் குண்டு வச்சுத் தாக்கினாங்க. காவல் வண்டி கூட வந்தா அதுவே இலக்கு. அதை ஏன் சொல்லாம விட்டீங்க?

மவுசாகலை:
சொல்றேன். பாதையோரக் குண்டு வேற, கடத்தல் வேற. 2011 ஒக்டோபரில் அதே தடாப்ல எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் ரெண்டு பேரைக் கடத்தியிருந்தாங்க. அப்ப எதிர்பாக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. காவலை எடுத்தா அந்த இடத்தை வேற ஏதாவது நிரப்பணும். பயண நேரத்தைக் கடைசி நிமிஷம் வரை வெளியே விடக்கூடாது. போன பாதையில் திரும்பக்கூடாது. முன் வண்டி நின்னா பின் வண்டி திருப்ப இடைவெளி வேணும். குறிச்ச நேரத்தில் வண்டியோட வயர்லெஸ்ல பதில் வரலன்னா, யார் யாருக்குச் சொல்லணும்னு முன்கூட்டியே எழுதி வச்சிருக்கணும். இதெல்லாம் முடியாதா? பயணத்தை ரத்துச் செய்யணும். அப்படி ரத்துச் செய்ற அதிகாரம் களத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலருக்கு இருக்கணும், தலைமையகத்துக்கு இல்ல. கையெழுத்துப் போட்டவருக்குக் காவல் இல்லைன்னு தெரியலன்னா, அவர் எதுக்குச் சம்மதிச்சார்?

டிக்கோயா_அக்கா:
தம்பி, அது கனடாக்காரர் வழக்கு. நம்ம புள்ளைங்களுக்கு யாரு இருக்கா? 2023 ஒக்டோபர் 7ல இஸ்ரேல்ல பராமரிப்பு வேலை செஞ்ச ரெண்டு இலங்கையர் செத்தாங்க. வயல் வேலைக்குப் போன தாய்லாந்துக்காரங்க 30 பேருக்கு மேல. காஸா எல்லையோரத்தில் சைரன் அடிச்சா பங்கருக்கு ஓட 15 செக்கன்தான். வயல்ல இருந்து பங்கர் எத்தனை அடின்னு எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கு?

ஊவாக்காரன்:
அக்கா, அது யுத்தம், இங்க பேசுறது வேற. பியூரோல, அதான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், பதிஞ்சு போனா காப்புறுதி இருக்கு. காவல் வண்டி இருந்திருந்தா இன்னும் நிறையப் பேர் செத்திருப்பாங்க, அதுக்கு மவுசாகலை பதிலே சொல்லல.

லிந்துலை:
காப்புறுதியை முழுசா வாசிங்க அண்ணே. யுத்தம், பயங்கரவாதம் ரெண்டையும் விலக்குற பத்திரங்கள் நிறைய. கடத்தலுக்குத் தனிப் பத்திரம் வாங்கணும். ஊருக்கு உடலைக் கொண்டுவர, மீண்டவருக்கு மனநல சிகிச்சை குடுக்க எவ்வளவுன்னு பயணத்துக்கு முன்ன கேக்கணும். அங்க போன பிறகு கேட்டா யாரும் தர மாட்டாங்க.

மவுசாகலை:
பதில் சொல்லிட்டேன். காவல் வண்டி வேணும்னு நான் சொல்லல. எடுத்தா ஈடு செய்யணும்னு சொன்னேன். ஈடு செய்யல. வழக்கே அதுதான். ஆள் அனுப்புறவங்க இதை மறைக்கிறது பழைய கங்காணி பழக்கம்: தலைக்குக் கொமிஷன் வாங்கிட்டு, ஆள் என்ன ஆனா எனக்கென்னன்னு போறது.

ஊவாக்காரன்:
கங்காணின்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க. ஹட்டன்காரங்க எப்பவும் ஊவாவை இப்படித்தான் பேசுவாங்க.

டிக்கோயா_அக்கா:
ஊர்ச் சண்டையை விடுங்க. பங்கர் எத்தனை அடி?

ஊவாக்காரன்:
முதல்ல வாபஸ். பிறகு காவல் வண்டி குண்டுக்கு இலக்கா இல்லையான்னு நேரா ஒரு சொல்லு.

மவுசாகலை:
இலக்குதான். அதனாலதான் ஈடு. மூணாவது தடவை எழுதுறேன். கங்காணிங்கிறதை வாபஸ் வாங்க மாட்டேன்.