ககுயா-சாமாவில் அந்த அசரீரிக்கு என்ன வேலை?

தூங்காமூஞ்சி:
ககுயா-சாமாங்கிற ஜப்பானிய காதல் காமெடி அனிமேயோட முதல் சீசன் (2019) பார்த்தாச்சு. ஒருத்தரை ஒருத்தர் காதலிச்சும், எதிராளிதான் முதல்ல சொல்லணும்னு காத்திருக்கிற ரெண்டு மாணவர்கள் கதை. ககுயா, ஷிரோகானே ரெண்டு பேரோட மனக்குரலும் நமக்குக் கேட்குது. அப்புறம் எதுக்கு முகமே காட்டாத கதைசொல்லி ஒருத்தர் நடுவுல வந்து முழங்கணும்? பத்து நிமிஷ அனிமேஷன் குறும்படத்துக்கு இப்படி ஒரு குரல் வைக்கலாமான்னு யோசனை. எங்கே வைக்கணும், எங்கே வைக்கக் கூடாது?

ஒலிநாடா:
அவர்கள் மனசுக்குள்ளேயும் பொய்தான் சொல்கிறார்கள், அதனால்தான். எதிராளி கெஞ்சிக் கேட்டால் போனால் போகிறதென்று சம்மதிக்கலாம் என இருவருமே தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். வாய் ஒன்று சொல்கிறது, மனம் வேறு சொல்கிறது, உண்மை இரண்டிலும் இல்லை. அதைப் போட்டு உடைக்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

அடுத்தது நடுவர் வேலை. ஒரு எபிசோடில் பெரும்பாலும் மூன்று குட்டிக்கதைகள். யாருமே காதலைச் சொல்லப்போவதில்லை என்பதால் எந்தக் கதைக்கும் இயல்பான முடிவு கிடையாது. 'இன்றைய ஆட்டத்தில் இன்னார் தோல்வி' என்ற அறிவிப்புதான் முடிவு.

கதைசொல்லியின் குரல் யுதகா அவோயாமா. மனிதர் சிரிக்கவே மாட்டார். சினிமாவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்ற அற்ப விஷயத்தைப் போர்ச்செய்தி மாதிரி படிப்பார். 'இது காமெடி' என்று குரலில் லேசாகக் காட்டிக்கொண்டாலும் சிரிப்பு போய்விடும். பலர் சறுக்குவது இங்கேதான். வாணவேடிக்கை எபிசோடைத் திரும்பப் பாருங்கள்: உச்சக்கட்டத்தில் ககுயாவின் மனக்குரல்தான் முன்னால் நிற்கிறது. அவள் தனக்கே உண்மையைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது, அங்கே நடுவருக்கு வேலையில்லை.

ஞாயிறு_ஆறுமணி:
நேர் எதிரான பாணி வேணும்னா, மாருகோங்கிற சிறுமியோட அன்றாட வாழ்க்கையைச் சொல்ற சிபி மாருகோ-சான் அனிமே பாருங்க. கீட்டன் யமடா 1990-லிருந்து 2021 மார்ச் வரைக்கும் அதுல கதைசொல்லியா குரல் கொடுத்தார். விளக்கம் எல்லாம் கிடையாது. மாருகோ ஏதாவது அசட்டுத்தனம் பண்ணி முடிப்பா, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் உப்புச்சப்பில்லாத குரல்ல ஒரே ஒரு வரி. அந்த இடைவெளியைச் சுருக்கினா ஜோக் காலி. குறும்படத்துக்கு இதுதான் தோது, வசனமும் குறைவு.

மூன்றாம்_தடம்:
விளக்கம் சொல்வதே தப்பு என்றும் ஆகிவிடாது. ஹண்டர் × ஹண்டர் (2011) என்ற சாகச அனிமேயின் 111-வது எபிசோடில் தொடங்கும் அரண்மனைத் தாக்குதலில் சில நிமிடச் சம்பவம் பல எபிசோடுகளுக்கு நீள்கிறது. ஒரே நொடியில் நாலு இடத்தில் நாலு பேர் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதை வசனத்தில் கொண்டுவரவே முடியாது. எனக்கும் அங்கங்கே அளவு மீறியதாகத்தான் படும், ஆனால் காரணம் இருக்கிறது. கைஜி என்ற சூதாட்ட அனிமேயில், கப்பலில் நடக்கும் சீட்டாட்டத்தின் விதிகளை அங்கே இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். கதைசொல்லி ஃபுமிஹிகோ தாச்சிகியின் குரல் பெரும்பாலும் நாயகன் கைஜியின் மனம் நொறுங்குவதைச் சொல்லத்தான் வரும். இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை: முதலில் கதைசொல்லி இல்லாமல் முழுப் படத்தையும் வெட்டி ஒட்டுங்கள். புதிதாக ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அவர் குழம்பும் இடங்களுக்கு மட்டும் வரி எழுதுங்கள். 'அவன் கதவைத் திறந்தான்' வகை வரி ஒன்றுகூட வேண்டாம். ஒலிப்பதிவில், பாத்திரங்களின் குரலுக்கு அறையின் எதிரொலி சேர்த்தால் கதைசொல்லிக்குச் சேர்க்காதீர்கள். மைக்குக்கு நெருக்கமாக, எதிரொலியே இல்லாமல் பதிவு செய்தால் 'இவர் இந்த அறையில் இல்லை' என்று காது தானாகப் புரிந்துகொள்ளும். அவர் பேசும்போது இசையை 6 முதல் 10 டெசிபெல் இறக்குங்கள். குரலையும் இசையையும் ஒரே தடத்தில் பதிவு செய்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாமல் திண்டாட்டம்.

தூங்காமூஞ்சி:
நன்றி! குரல் கொடுக்க ஒரே ஆள்தான் இருக்கார். அவரே ஒரு பாத்திரத்துக்கும் பேசலாமா?

மூன்றாம்_தடம்:
தாராளமாக. டிராகன் பால் இசட் அனிமேயில் ஜோஜி யானாமியை எடுத்துக்கொள்ளுங்கள்: கதைசொல்லியும் அவர்தான், கையோ என்ற பாத்திரத்தின் குரலும் அவர்தான். கட்டைக்குரல், கீச்சுக்குரல் என்று மாற்றினால் செயற்கையாக இருக்கும், வேகத்தை மாற்றச் சொல்லுங்கள். பாத்திரத்தின் வசனம் முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிட்டு, கதைசொல்லியைத் தனி அமர்வில் எடுங்கள்.