பத்தாயிரம் அடி நடந்தால்தான் நடையா?

உப்புவெளி வாசி: நாளுக்குப் பத்தாயிரம் காலடிக்குக் குறைந்தால் அது நடையே இல்லை, உலாத்தல் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். யார் போட்ட சட்டம் ஐயா? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது. விளம்பரம், மருத்துவம் இல்லை.

உவர்மலைக்காரன்: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே எழுதலாம். விளம்பரமோ என்னவோ, என் கடிகாரம் தினமும் பத்தாயிரம் காட்டுகிறது. உங்களுடையது?

கோட்டையடி: 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு வயதான பெண்களின் அடிகளைக் கணக்கெடுத்தது. மிகக் குறைவாக நடந்தவர்களைவிட, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

உவர்மலைக்காரன்: வயதான பெண்கள்! நான் வயதான பெண்ணா? பத்தாயிரம் பத்தாயிரம்தான்.

நிலாவெளி அக்கா: தம்பி, அந்தக் கடிகாரம் கை ஆட்டத்தையும் அடியாக எண்ணும். தேங்காய் துருவினாலே எனக்கு ஏறுகிறது.

உவர்மலைக்காரன்: மலிவாக வாங்கினால் அப்படித்தான் அக்கா.

உப்புவெளி வாசி: சரி, நம் திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவதும் கடற்கரையில் சமதரையில் நடப்பதும் ஒரே அடிக்கணக்கா? மூச்சு வாங்குவதை யார் எண்ணுவது?

உவர்மலைக்காரன்: கோயிலுக்கு ஓட்டோவில் போகிறவர் ஏற்றத்தைப் பற்றிக் கதைக்கிறார். வெள்ளிக்கிழமை பார்த்தேனே!

உப்புவெளி வாசி: அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதற்காகப் போனது. நீங்கள் மானுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். அதையும் கடிகாரம் எண்ணியதா?

கோட்டையடி: மானுக்கு பிஸ்கட் போட வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்வது? பொலித்தீனோடு சேர்த்துத் தின்கின்றன.

உவர்மலைக்காரன்: பொலித்தீன் வெளியூர்க்காரர் வேலை. விஷயத்துக்கு வாருங்கள். எழுதி வைத்தால்தான் பழக்கம் வரும். 21 நாள் பத்தாயிரம் நடந்து பாருங்கள், பிறகு கால் தானாகப் போகும்.

மூதூர் மாணவி: 21 நாள் என்பதற்கு ஆதாரம் இல்லை அண்ணா. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு பார்த்ததில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை மாறியது. இடையில் ஒருநாள் விட்டாலும் பெரிய பாதிப்பில்லை.

உவர்மலைக்காரன்: ஒருநாளும் விடாதவனுக்கு அந்தக் கணக்கு எதற்குத் தங்கச்சி?

நிலாவெளி அக்கா: எப்படி விடுவீர்கள்? குறைகிற அடிக்காக இரவில் விறாந்தையில் கையை வீசிக்கொண்டு திரிகிறீர்களாம். உங்கள் வீட்டுக்காரிதான் சொன்னாள்.

உவர்மலைக்காரன்: வீட்டுக் கதையை இங்கே இழுக்க வேண்டாம். விறாந்தையில் வைத்தாலும் அடி அடிதான். உப்புவெளியார் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் கடிகாரம் என்ன காட்டுகிறது?

உப்புவெளி வாசி: என்னிடம் கடிகாரமே இல்லை.

கோட்டையடி: பிஸ்கட்டுக்கு என்ன பதில்?

உவர்மலைக்காரன்: கடிகாரமே இல்லாதவரோடா இவ்வளவு நேரம் மினக்கெட்டேன்? முதலில் பத்தாயிரம் நடந்துவிட்டு வாருங்கள், பிறகு ஜப்பானைப் பற்றிக் கதைப்போம்.