ஆக்டிவா முன்டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்கு, அப்பவும் மாத்தணுமா?

செல்வி_ஒத்தக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். 2018-ல வாங்கின ஆக்டிவா வச்சிருக்கேன், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒத்தக்கடையில இருந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதப் போறேன். காலையில மகளைப் பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டுட்டுத்தான் போவேன். பின்டயரை 2022-ல மாத்தினேன். முன்டயர் வண்டியோட வந்தது, இன்னும் மாத்தல.

போன வாரம் பஞ்சர் ஒட்டப் போன இடத்துல "ரெண்டையும் மாத்திருங்கம்மா"ன்னு சொன்னாங்க. பின்டயர் நடுவுல தேஞ்சு மட்டமாயிட்டு வருது, அது எனக்கே தெரியுது. ஆனா முன்டயர்ல பட்டன், அதான் ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைங்க, அப்படியே இருக்கு. தம்பி, "டயர்னா நாப்பதாயிரம் ஓடும், உன் தலையில கட்டப் பாக்குறாங்க"ங்குறான். ரெண்டும் சேர்ந்தா மூவாயிரத்துக்கு மேல ஆகும். மாசக் கடைசியில அது பெரிய காசு. ஆனா போன மழைக்கு மாட்டுத்தாவணி பக்கம் திரும்பும்போது முன்வீல் லேசா வழுக்கின மாதிரி இருந்துச்சு. பின்னாடி பிள்ளை உக்காந்திருந்தா. அதுல இருந்து மனசு கேக்க மாட்டேங்குது. உண்மையிலேயே ஸ்கூட்டர் டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்? எதை வச்சு முடிவு பண்றது?

தாம்பரம்_வாசி:

என் ஜூபிடர்ல பின்டயர் 22,000 வந்துச்சு. முன்டயர் 35,000 வரைக்கும் ஓட்டினேன். டயர் பக்கவாட்டுல டி.டபிள்யூ.ஐ.ன்னு எழுதி, இல்லன்னா சின்ன முக்கோணம் போட்டிருக்கும். அதுக்கு நேரா பட்டன் இடுக்குல ஒரு குட்டி மேடு இருக்கும் பாருங்க. தேஞ்சு தேஞ்சு டயர் அந்த மேட்டோட மட்டத்துக்கு வந்துட்டா மாத்திடணும். அதுவரைக்கும் பயப்பட வேண்டாம்.

டயர்கடை_விருதுநகர்:

தங்கச்சி, நான் விருதுநகர்ல டயர் கடை வச்சிருக்கேன். அப்பா காலத்துல சைக்கிள் டியூப்ல ஆரம்பிச்ச கடை. தாம்பரம் தம்பி சொன்னது பின்டயருக்கு முழுசா பொருந்தும். முன்டயருக்குப் பாதிதான் பொருந்தும். அந்த மீதிப் பாதியிலதான் ஆளுக கீழ விழறாங்க. அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

ஸ்கூட்டர்ல இன்ஜின் பின்னாடி, உக்கார்ற ஆள் பாரமும் பெரும்பாலும் பின்னாடி, தள்ளுறதும் பின்வீல்தான். அதனால பின்டயர் தேஞ்சுதான் சாகும். முன்டயர் அவ்வளவு சீக்கிரம் தேயாது, அது வயசாகிச் சாகும். வெயில், சூடு, காத்துல இருக்கிற ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை வருஷத்துக்கு வருஷம் இறுக்கிடும். நம்ம பக்கம் சித்திரை வைகாசியில தார் ரோடு எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும், நாள் பூரா வண்டி வெளியிலதான் நிக்குது. பட்டன் ஆழம் குறையாது, பார்த்தா புதுசு மாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்த்தா மரக்கட்டை. இளசான ரப்பர்தான் ரோட்டுல இருக்கிற பொடிப்பொடி மேடு பள்ளத்துக்குள்ள அமுங்கிப் பிடிக்கும். இறுகின ரப்பர் மேலாப்புலயே ஓடும். காஞ்ச ரோட்டுல வித்தியாசம் தெரியாது. முத மழைக்கு ரோட்டுல இருக்கிற எண்ணெயும் புழுதியும் கலந்து கொழகொழன்னு ஆகும்போதும், வெள்ளைக்கோடு மேலயோ சாக்கடை மூடி மேலயோ ஏறித் திரும்பும்போதும் அது காட்டிக் கொடுத்துரும். நீங்க சொன்ன வழுக்கல் அதுவாத்தான் இருக்கும்னு எனக்குப் படுது.

ரெண்டு காரியம் பாருங்க. டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசை முடியிற இடத்துல, இல்லன்னா தனியா ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள, நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு எத்தனாவது வாரம், கடைசி ரெண்டு எந்த வருஷம். அதைப் படிச்சு இங்க போடுங்க. அடுத்து, கட்டைவிரல் நகத்தைப் பட்டன்ல நல்லா அழுத்துங்க. கொஞ்சமாவது பதியுதா, இல்ல நகம்தான் வலிக்குதா? அப்படியே பக்கவாட்டுல, பட்டனோட அடி இடுக்குல மயிரிழை வெடிப்பு ஓடுதான்னு வெளிச்சத்துல பாருங்க.

எத்தனை கிலோமீட்டர்னு கேட்டீங்க. என் கடைக்கு வர்ற வண்டிகளை வச்சுச் சொல்றேன். ஸ்கூட்டர் பின்டயர் பதினஞ்சாயிரத்துல இருந்து இருபத்தஞ்சாயிரம் வரும். ஒத்தை ஆள், காத்து சரியா இருந்தா அதுக்கு மேலயும் வரும். புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை, காலுக்கிடையில கேஸ் சிலிண்டர்னு போற வண்டிக்குப் பன்னெண்டாயிரத்துலயே நூல் தெரிஞ்சு நான் பார்த்திருக்கேன். முன்டயருக்கு நான் கிலோமீட்டர் கணக்கே சொல்றதில்ல. அஞ்சு வருஷம் ஆச்சுன்னா வருஷா வருஷம் கழட்டிப் பாக்கணும், ஆறு தாண்டினா வெடிப்பு இருந்தாலும் இல்லாட்டியும் மாத்துங்கன்னு சொல்லுவேன்.

செல்வி_ஒத்தக்கடை:

அண்ணே, ரொம்ப நன்றி. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முன்டயர்ல 2118. நகம் பதியவே இல்ல. பட்டனுக்கு அடியில சுத்திவர மெல்லிசா கோடு கோடா இருக்கு, இவ்வளவு நாள் அழுக்குன்னு நினைச்சுட்டேன். பின்டயர்ல 3119 போட்டிருக்கு. 2022-ல புதுசுன்னு சொல்லி வாங்கினதுண்ணே அது! அந்தக் குட்டி மேட்டுக்கு மேல இன்னும் கொஞ்சம் ரப்பர் இருக்கு, ஒரு பத்து ரூபா நாணயத்தோட கனம் இருக்கும்.

தம்பி இப்ப வேற ஒண்ணு சொல்றான். ரெண்டும் ஒரே அளவுதானாம். முன்டயரைக் கழட்டிப் பின்னாடி போட்டுட்டு, முன்னாடிக்கு மட்டும் ஒண்ணு புதுசு வாங்கினா போதுமாம். அப்படிச் செய்யலாமாண்ணே?

ஓய்வு_ஆசிரியர்_திண்டுக்கல்:

நான் இயற்பியல் நடத்தியவன், அளவைப் பற்றி மட்டும் ஒரு செய்தி சொல்கிறேன். உங்கள் வண்டியின் இரண்டு டயரும் 90/100-10. அகலம் 90 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் நூறு சதவீதம், அதாவது அதுவும் 90 மி.மீ., ரிம் 10 அங்குலம். மொத்த விட்டம் 434 மி.மீ. வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அந்தச் சக்கரம் சுமார் 730 முறை சுற்றும். ஜூபிடரில் இருப்பது 90/90-12, அது சுமார் 680 முறைதான் சுற்றும். ஒவ்வொரு பட்டனும் தரையில் உரசுவது அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே தாம்பரம் நண்பருக்கு வந்த கிலோமீட்டரை உங்கள் வண்டியில் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். அளவுக்குப் பின்னால் 53J என்று இருக்கும். 53 என்பது அந்த டயர் 206 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு, J என்பது மணிக்கு 100 கி.மீ. வேக வரம்பு. புது டயர் வாங்கும்போது இந்த இரண்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்கடை_விருதுநகர்:

சார் சொன்னதை அப்படியே எழுதி வச்சுக்கங்க தங்கச்சி, கடையில கேக்கும்போது உதவும்.

தம்பி யோசனைக்கு வர்றேன். அளவு ஒண்ணுங்கிறது உண்மைதான். முன்டயர் ரெண்டு வருஷ டயரா இருந்தா, சுத்துற திசைக்கு அம்புக்குறி பார்த்து நானே மாத்திப் போட்டுக் கொடுத்திருப்பேன். உங்களோடது 2118, அதாவது 2018-ல இருபத்தோராவது வாரம். ஏழு வருஷம் தாண்டி வெடிப்பும் விட்ட டயர். அதைக் கொண்டுபோய் ஆள் பாரம், இன்ஜின் பாரம், சூடு எல்லாம் விழுற இடத்துல மாட்டக் கூடாது. வெடிப்பு வழியா காத்து கசியும், ஒரு குழியில இறங்கினா பக்கவாட்டு உப்பிக்கும். வேண்டவே வேண்டாம். தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அக்கா காசை மிச்சம் பிடிக்கத்தான் அந்தப் பிள்ளையும் யோசிக்குது.

3119-ஐப் படிச்சதும் எனக்கு வருத்தமாப் போச்சு. நிழல்ல, சூடு இல்லாத இடத்துல ஒழுங்கா அடுக்கி வச்ச டயர் ஒரு வருஷம் கடையில கிடந்தா ஒண்ணும் ஆகாது. மூணு வருஷச் சரக்கைப் புதுசுன்னு கொடுக்கிறது நியாயமில்ல. இனிமே டயரை ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே அந்த நாலு எண்ணைப் பார்த்துருங்க, ஏத்தினதுக்கு அப்புறம் யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க.

காசு இப்ப ஒரு டயருக்குத்தான் ஆகும்னா முன்டயரை முதல்ல மாத்துங்க. நிறையப் பேரு இதைத் தலைகீழாச் செய்றாங்க, பின்னாடி மொட்டையா இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதுல்ல. பின்வீல் வழுக்கினா வண்டி வாலாட்டும், ஆக்சிலரேட்டரை விட்டுக் காலை ஊனிப் பாதிப் பேராவது தப்பிச்சிருவாங்க. முன்வீல் வழுக்கினா நினைக்கிறதுக்குள்ள தரையில கிடப்போம். பிரேக் பிடிக்கும்போது பாரம் பூரா முன்னாடிதான் சாயும். உங்க ஆக்டிவாவுல இடதுகை பிரேக்கைப் பிடிச்சாலே முன்வீலும் சேர்ந்துதான் பிடிக்கும், அதனால முன்டயரை ஒதுக்கி வச்சுட்டு ஓட்டவே முடியாது.

பின்டயரையும் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். சட்டப்படி டூவீலருக்கு 0.8 மில்லி பட்டன் இருந்தாப் போதும், அந்தக் குட்டி மேடும் அந்தக் கணக்குதான். ஆனா நாணயக் கனத்துல நிக்கிற டயர் மழைத்தண்ணியை வெளியேத்தாது, சின்ன ஆணி கூட நேரா உள்ள இறங்கிரும். பஞ்சர் அடிக்கடி வர ஆரம்பிச்சுருச்சுன்னாலே டயர் மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஐப்பசி அடைமழை ஆரம்பிக்கிறதுக்குள்ள அதையும் மாத்திருங்க.

கோவை_மின்வண்டி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும்ங்க. என்னோடது எலக்ட்ரிக் ஸ்கூட்டருங்க. பின்டயர் 11,000-லயே வழவழன்னு ஆயிடுச்சு. டயர் மட்டமா, வண்டியில குறையா?

டயர்கடை_விருதுநகர்:

ரெண்டும் இல்ல தம்பி. பேட்டரி பாரம் ஒரு பக்கம். மோட்டார் நின்ன இடத்துலயே முழு இழுவையும் கொடுக்கிறது இன்னொரு பக்கம், சிக்னல்ல பச்சை விழுந்ததும் திருகினா ரப்பர்தான் உரியும். கையை விட்டதும் தானா வேகம் குறையுது பாருங்க, அந்த பிரேக்கும் பின்வீல்லதான் விழுது. எடுக்கும்போது நிதானமா எடுங்க, காத்து குறையாம பாத்துக்கங்க, அடுத்த டயர் இதைவிடக் கூடுதலா ஓடும். டயர் வாங்கும்போது வண்டிக் கையேட்டுல இருக்கிற அளவு, பாரக் குறியீட்டைத் தாண்டி வேற எதையும் போடாதீங்க.

செல்வி_ஒத்தக்கடை:

அண்ணே, ஞாயித்துக்கிழமை முன்டயர் மாத்துறேன், தம்பியும் ஒத்துக்கிட்டான். பின்டயர் அடுத்த மாசச் சம்பளத்துல. மாத்துற இடத்துல நான் என்னென்ன பாக்கணும்? நமக்கு எங்க தெரியப்போகுதுன்னு நினைச்சுருவாங்க, அதான் கேக்குறேன்.

டயர்கடை_விருதுநகர்:

நல்லதும்மா. நேரா நின்னு பாருங்க, கேள்வி கேளுங்க. ஒழுங்கான கடைக்காரன் சந்தோஷமாப் பதில் சொல்லுவான்.

நாலு எண், 53J, அம்புக்குறி மூணையும் நீங்களே பாருங்க. அம்புக்குறி வண்டி முன்னாடி போற பக்கம் சுத்துற மாதிரி இருக்கணும். டியூப்லெஸ் டயர்னா வால்வையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க, அம்பது நூறு ரூபாதான். பழைய வால்வோட ரப்பரும் டயரோட சேர்ந்து ஏழு வருஷம் வெந்ததுதான். அதை விட்டுட்டா பத்து நாள்ல காத்து இறங்குதுன்னு திரும்பி வருவீங்க. டயரைக் கழட்டினதும் ரிம் விளிம்பு எங்கயாவது நசுங்கியிருக்கான்னு சுத்திவிட்டுப் பாக்கச் சொல்லுங்க, பத்து அங்குல வீல் சின்னக் குழியிலயும் ஆழமா இறங்கும். ஏத்தினதுக்கு அப்புறம் விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருதான்னு பார்த்துட்டுத்தான் வண்டியில மாட்டணும்.

காத்து முன்னாடி 22, பின்னாடி ஒத்தை ஆளுக்கு 29, ரெண்டு பேர் போனா 36-னு ஆக்டிவாவுக்குப் போட்டிருப்பாங்க. உங்க கையேட்டுலயும் ஒருக்கா பாத்துக்கங்க. பிள்ளை தினம் வர்றதால பின்னாடி ரெண்டு பேர் கணக்குக்கே வைங்க. சில பங்க்ல எந்த வண்டி வந்தாலும் முப்பது, முப்பத்தஞ்சுன்னு அடிச்சு விட்டுருவாங்க. முன்டயர்ல அப்படி ஏத்தினா நடுப்பட்டை மட்டும் ரோட்டைத் தொடும், குழியில கை அதிரும். வாயைத் திறந்து "முன்னாடி இருவத்திரண்டு"ன்னு சொல்லுங்க. காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பிடிக்கிறதுதான் சரியான கணக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

புது டயர் மேல அச்சுல இருந்து எடுக்கும்போது ஒட்டின வழவழப்பு இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்குச் சாய்ச்சுத் திருப்பாதீங்க, சடார்னு பிரேக் அடிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மாத்திட்டு, அன்னைக்கே பிள்ளையை ஏத்தாம மேலூர் வரைக்கும் ஒருக்கா மெதுவாப் போய்ட்டு வாங்க. திங்கக்கிழமை காலையில காத்தை இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு மூணு பாயிண்டு இறங்கியிருந்தா விளிம்பு ஒழுங்கா உக்காரலன்னு அர்த்தம், மாட்டின கடைக்கே நேராப் போயிருங்க, காசு கேக்காமச் சரி பண்ணித் தரணும்.