நீலகிரிப் புல்வெளிகளின் தொன்மையைச் சதுப்புநிலக் கார்பனைக் கொண்டு அறிய முடியுமா?

மலைச்சாரல் (கேள்வி):
நண்பர்களுக்கு வணக்கம். நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேல் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் அருகருகே அமைந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேய்ச்சலுக்காக மக்கள் காட்டை எரித்ததால்தான் அந்தப் புல்வெளிகள் உண்டாயின என்று சிலரும், பனியுகக் காலம் தொட்டே அவை அங்கு உள்ளன என்று வேறு சிலரும் கூறுகின்றனர். வாட்டில் என்னும் அயல்நாட்டு மரங்களை அகற்றிப் புல்வெளிகளை மீட்பது பற்றிய ஒரு கலந்துரையாடலில், சதுப்புநில மண்ணின் கார்பனை அளந்தே இதற்கு விடை கண்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். மக்கிப் போன மண்ணிலுள்ள கார்பன், தான் புல்லிலிருந்து வந்ததா மரத்திலிருந்து வந்ததா என்பதை எப்படிக் காட்டும்? மகரந்தத்தை ஆராய்ந்தாலே போதாதா? விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கார்முகில்:
நல்ல கேள்வி. மகரந்தத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு படிவில் புல்லின் மகரந்தம் நிறைய இருந்தால் அங்கே புல் இருந்தது என்று சொல்லலாம்; ஆனால் புல்லினங்களின் மகரந்தத் துகள்கள் ஒன்றுபோலவே இருப்பதால், அது குளிர்ந்த ஈரமான சூழலின் புல்லா, வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புல்லா என்பதைப் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது. கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகை, உதவுவது இந்த இடத்தில்தான்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி கார்பன்-12, சுமார் 1.1 விழுக்காடு அதைவிடச் சற்றே கனமான கார்பன்-13. மரங்களும் குளிர்நாட்டுப் புற்களும் ‘சி3’ என்னும் வழியில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவற்றில் ரூபிஸ்கோ என்னும் நொதியே காற்றின் கார்பனை நேரடியாகப் பிடிக்கிறது. அது கனமான கார்பனைப் பெருமளவு ஒதுக்கிவிடும். நீலகிரியில் பரவலாக உள்ள கிரைசோபோகன், தெமிடா போன்ற, வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புற்கள் ‘சி4’ வழியைச் சேர்ந்தவை. அவை கார்பனை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, பிறகு உள்ளே அடைபட்ட சூழலில் ரூபிஸ்கோவுக்குக் கொடுப்பதால், அந்த ஒதுக்கல் மிகக் குறைவாகவே நடக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த பெலம்னைட் என்னும் கடல்வாழ் உயிரியின் புதைபடிவத்தை அடிப்படையாகக் கொண்ட அளவுகோல், ஒரு பொருளின் கார்பன்-13 விகிதம் அந்தப் புதைபடிவத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வேறுபடுகிறது என்று காட்டும். அதில் சி3 தாவரங்களின் மதிப்பு சராசரியாக ஆயிரத்துக்கு மைனஸ் 27, சி4 தாவரங்களின் மதிப்பு ஏறத்தாழ மைனஸ் 13. ஆகவே ஓர் அடுக்கின் மதிப்பு மைனஸ் 20 என்று வந்தால், அதிலுள்ள கார்பனில் சுமார் பாதி சி4 புற்களிலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். மக்கும்போது இந்த எண் சிறிது நகரும் என்றாலும், இரு வகைகளுக்கும் இடையிலுள்ள 14 அலகு இடைவெளியோடு ஒப்பிட்டால் அந்த நகர்வு சிறியதே.

நீலகிரியின் சதுப்புகளில் நீர் தேங்கிக் காற்றுப் புகாமல் இருப்பதால், தாவரப் பொருள் முழுதும் மக்காமல் பீட் என்னும் கரிய படிவாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் வயதையும் 5,730 ஆண்டு அரை ஆயுள் கொண்ட (அவ்வளவு காலத்தில் பாதியாகச் சிதையும்) கதிரியக்கக் கார்பன்-14 தருகிறது. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட அறிவியலாளர் குழுவினர் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இம்முறையால் சுமார் 20,000 ஆண்டுகளின் பதிவைத் தந்தது; 1997-இல் வெளியான தொடர் ஆய்வு அதை 40,000 ஆண்டுகள் வரை நீட்டியது. பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்து அடுக்குகளில் சி4 புற்களின் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது மதிப்புகள் சி3 பக்கம் நகர்ந்தன. சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் வறட்சியை நோக்கித் திரும்பின. தென்னிந்தியாவில் கால்நடை வளர்ப்பு தொடங்கியே ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே சி4 புற்கள் அங்கே இருந்ததால், மேய்ச்சலுக்காக எரித்ததால்தான் புல்வெளி பிறந்தது என்ற வாதத்தை இந்தப் படிவு ஏற்க விடவில்லை.

ஊசிப்பாறை:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ‘சி4 மிகுதி என்றால் வறட்சி’ என்று நேராகப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். அண்டார்க்டிகப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை அளந்ததில், பனியுக உச்சத்தில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான் இருந்தது என்று தெரிகிறது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. கார்பன் டை ஆக்சைடு குறையும்போது, மழை சிறிதும் மாறாவிட்டாலும், சி4 தாவரங்களே போட்டியில் முந்துகின்றன. ஆகவே பீட்டிலுள்ள அந்தக் கையெழுத்தில் வறட்சியின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது.

அதற்குக் கார்பனைச் சாராத சான்றுகள் வேண்டும். இலைகளின் மேற்பூச்சு மெழுகு பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் படிவில் தங்கும். அதிலுள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பு, அந்தச் செடி உறிஞ்சிய மழைநீரைப் பற்றிப் பேசும். அரபிக்கடல் அடிமண்ணில் கிடைக்கும் போராமினிபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகளும் பனியுக உச்சத்தில் தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்ததையே காட்டுகின்றன. இவை எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதால்தான் வறட்சி என்ற முடிவை நான் ஏற்கிறேன். சதுப்பிலேயே வளரும் கோரை வகைகளில் சி3, சி4 இரண்டும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது: படிவில் இருப்பது சுற்றியுள்ள மலைச்சரிவின் புல் மட்டுமே என்று கொள்ள முடியாது.

மலைச்சாரல்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி. ஆங்கிலேயர் காலத்தில் நட்ட வாட்டில், யூகலிப்டஸ் தோட்டங்களின் தடம் படிவின் மேல் அடுக்குகளில் தெரியுமா?

கார்முகில்:
தெரிய வாய்ப்புண்டு, ஆனால் கவனத்தோடு படிக்க வேண்டும். வாட்டிலும் யூகலிப்டஸும் சி3 தாவரங்கள். அவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நடப்பட்டவை என்பதால், அவற்றின் சருகு மழையில் அடித்து வரப்பட்டுச் சதுப்பில் சேர்ந்திருந்தால் மேல் அடுக்குகளின் மதிப்பு சி3-க்குரிய மைனஸ் 27 பக்கம் நகர வேண்டும். ஆனால் அதே காலத்தில் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து, பழந்தாவரங்களின் இலேசான கார்பன் காற்றில் கலந்ததால், வளிமண்டலத்தின் கார்பன்-13 மதிப்பே சுமார் 2 அலகு இறங்கிவிட்டது. இன்று வளரும் புல்லும் அந்தக் காற்றைத்தான் உண்கிறது. அந்த 2 அலகைக் கழிக்காமல் பார்த்தால், புல்வெளி மாறாமலே இருந்த இடத்தில்கூட மரங்கள் வந்துவிட்டதாகத் தவறாக முடிவு கட்ட நேரிடும்.

வயதுக் கணிப்பும் இங்கே வேறு. கடந்த 150 ஆண்டுகளைப் பிரித்துக் காட்டக் கார்பன்-14 உதவாது. 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210-ஐயும், அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாக 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்ட சீசியம்-137-ஐயும் பயன்படுத்துவார்கள். ஆகவே மேல் அடுக்குகளைப் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும், வயதை எதைக் கொண்டு கணித்தார்கள், காற்றின் மாற்றத்தைக் கழித்தார்களா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.