சங்கேடா ஊஞ்சலில் இருப்பது தங்கமா, வெள்ளீயமா?

குமரன்_தென்காசி: வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசு கொடுக்க குஜராத்தின் சங்கேடா ஊஞ்சலைவிட நல்ல பொருளே கிடையாது என்று நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் கால், கைப்பிடி, முதுகுச் சாய்வு எல்லாம் தங்க வேலை. வரிப்பணத்தில் தங்கத்தை வாரிக் கொடுக்க இவருக்கு எப்படி மனசு வருகிறது?

வடோதரா_வாசு: எழுதியது நான்தான். அதில் பொட்டுத் தங்கம் கிடையாது. வெள்ளீயம். தேக்கைக் கடைந்து, வெள்ளீயத்தைப் பசையில் குழைத்துத் தூரிகையால் கையாலேயே பூவும் கொடியும் போட்டு, அகேட் கல்லால் தேய்ப்பார்கள். அதுவரை வெள்ளி நிறம்தான். மேலே அரக்கு ஏறியதும் பொன்னிறமாக மாறும். மெருகேற்றத் தாழை இலை. கராதி என்கிற கடைசல்காரர் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்கிற வேலை, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். பட்டறைப் பக்கம் போகாமல் படம் பார்த்து எழுதாதீர்கள்.

குமரன்_தென்காசி: கதை நன்றாக இருக்கிறது. வெள்ளீயம் எங்கேயாவது மஞ்சளாக மின்னுமா? அது தங்கம்தான்.

மீனா_கோவை: தங்கமோ தகரமோ, ஊஞ்சல் மரியாதை போதும் சாமி. 2014 செப்டம்பரில் சபர்மதிக் கரையில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கை ஊஞ்சலில் உட்கார வைத்தோம். 2020-ல் எல்லையில், கல்வானில், சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்களை இழந்தோம்.

வடோதரா_வாசு: கல்வானுக்கும் கடைசல்காரருக்கும் என்ன சம்பந்தம்? அவர் கைவேலை ஒரு நாட்டு அதிபர் வீட்டுக்குப் போனால் இன்னும் நாலு பிள்ளைகள் பட்டறையில் உட்காருவார்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மீனா_கோவை: எந்த வீட்டுக்கு? அமெரிக்க அதிபருக்குக் கொடுத்தால் நேராக அவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அங்கே யார் ஆடப்போகிறார்கள்?

காரைக்குடியான்: கொடுக்கிறதுதான் கொடுக்கிறீர்கள், எங்கள் ஊர் ஊஞ்சலைக் கொடுங்கள். பர்மா தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. சாயம் பூசிய கட்டையை எல்லாம் ராஜாங்கப் பரிசு என்று சொல்லிக்கொண்டு!

வடோதரா_வாசு: சாயமா? அரக்கு ஐயா, அரக்கு! கடைசலில் மரம் சுற்றும்போது அரக்குக் கட்டியை அழுத்துவார்கள், அந்தச் சூட்டில் இளகி மரத்தோடு ஒட்டும். உங்கள் ஊஞ்சலை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. பத்தமடைப் பாய் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து காரைக்குடி காரைக்குடி என்று எல்லாரையும் விரட்டினீர்கள்.

காரைக்குடியான்: பாய் விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது நீங்கள். அதை முதலில் முடியுங்கள், அப்புறம் ஊஞ்சலுக்கு வரலாம்.

குமரன்_தென்காசி: பேச்சை மாற்றாதீர்கள் வாசு. தங்கம் இல்லை என்றால் ஏன் மின்னுகிறது?

வடோதரா_வாசு: அரக்கு! வெள்ளீயத்தின் மேல் அரக்கு! இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

குமரன்_தென்காசி: எத்தனை தடவை எழுதினாலும் தங்கம் தங்கம்தான்.