14 வருட அனுபவத்துக்கும் ஆறு மாத அனுபவத்துக்கும் ஒரே ஆபீஸ் விதியா?

ஓஎம்ஆர் பயணி:
இனி வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வர வேண்டும் என்று எங்கள் ஐடி கம்பெனியில் மெயில் வந்துவிட்டது. எனக்கு 14 வருட அனுபவம். தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அங்கே உட்கார்ந்தால் புனேயில் இருக்கும் டீமோடு ஹெட்போனில் கால்தான். இதை வீட்டிலிருந்தே செய்தால் என்ன குறை?

புதுசு 2021:
அண்ணா, குறை உங்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான். நான் கொரோனா நேரத்தில் சேர்ந்தவன், லேப்டாப்பே கூரியரில்தான் வந்தது. ஒரு சந்தேகம் கேட்க டைப் செய்வேன், தொந்தரவாக நினைப்பாரோ என்று அழிப்பேன், மறுபடி டைப் செய்வேன், பதில் வர சாயங்காலம் ஆகிவிடும். அப்புறம் ஆபீஸ் திறந்த முதல் வாரம், பக்கத்து சீட் அக்கா லாக் (புரோகிராம் ஓடும்போது வரிசையாகப் பதிவாகும் குறிப்பு) பார்ப்பதைப் பார்த்தேன். கடைசியில் குவிந்திருக்கும் எர்ரரை விட்டுவிட்டு, முதலில் உடைந்த இடம் எது என்று மேலே மேலே தேடிப் போனார். ஒன்றரை வருடமாக நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

இரண்டு பிள்ளை அம்மா:
சரி தம்பி, அதற்காக எல்லாரையும் ஐந்து நாளும் இழுக்க வேண்டுமா? சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள், 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதுவும் பெண்களிடமும் தூரத்திலிருந்து வருபவர்களிடமும் நன்றாகவே தெரிந்தது. எனக்கு அந்த இரண்டு நாள் இல்லையென்றால் வேலையே இல்லை.

புதுசு 2021:
அக்கா, இரண்டு நாள் வீட்டில் இருங்கள், நான் மறுக்கவில்லை. நாங்கள் வரும் நாளில் நீங்களும் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். லீட் வீட்டில், ஃப்ரெஷர் மட்டும் ஆபீஸில் என்றால் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

ஓஎம்ஆர் பயணி:
வருகிறேன் தம்பி. ஆனால் உனக்குச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு மணி நேரம் என் அப்ரைசலில் எங்கேயும் ஏறாது, முடிக்காத டிக்கெட் (எனக்கு ஒதுக்கிய வேலை) மட்டும் ஏறும். போன வருடம் அதற்காகவே என் ரேட்டிங் குறைந்தது. அந்த நேரத்தையும் வேலையாகக் கணக்கில் எடுக்கட்டும், செவ்வாயும் வியாழனும் ஒன்பது மணிக்கே உன் பக்கத்து சீட்டில் இருப்பேன்.